எயரோசில் பை முதல் வெல்டிங் புகை வரை: யாழ்ப்பாணப் பட்டறைகளில் நனோத்துகள்

கார் கழுவும் இடங்களில் ‘நனோ செரமிக் கோட்டிங்’ என்று பலகை தொங்குகிறது. பெயின்ற் வாளி, சுவருக்குப் பூசும் நீர்க்காப்பு, சன் கிறீம், தோட்டத்துக்கு அடிக்கும் திரவ உரம் என்று பலவற்றின் லேபிளிலும் இந்தச் சொல் ஏறிவிட்டது. சனங்கள் கேட்பதும் லேபிளைப் பற்றித்தான்: “இது நனோவாம், பாவிக்கலாமோ?” ஆனால் அந்தப் பலகைச் சாமான்களில் பல, பூசிக் காய்ந்தபின் துகள் அசையவே இடமில்லாத படலங்கள். நாள் முழுக்க நனோத்துகளை நெஞ்சுக்குள் இழுப்பவர்களில் பலர் இந்தச் சொல்லையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். படகுக் கொட்டிலில் ரெசின் கலக்கும் பொடியன்மார், ஜீ.ஐ. பைப் ஒட்டும் வெல்டிங்காரர், நகைப்பட்டறையில் பற்றாசு வைத்து ஊதும் பத்தர்மார் ஆகியோரையே சொல்கிறோம்.

1 நனோமீற்றர் என்பது 1 மீற்றரை நூறு கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்கு. 1 முதல் 100 நனோமீற்றர் வரையான துகளையே நனோத்துகள் என்கிறோம். நமது செங்குருதிக்கலம் ஏறக்குறைய 7000 நனோமீற்றர் அகலமானது. துகள் சிறுக்கச் சிறுக்க, அதே நிறைக்கு வெளியே தெரியும் மேற்பரப்பு பெருகிக்கொண்டே போகும். தொழிற்துறைக்கு வேண்டியது அந்த மேற்பரப்புத்தான். நுரையீரல் கலத்தோடு வினைபுரிவதும் அதே மேற்பரப்புத்தான். பயனும் தீங்கும் ஒரே குணத்திலிருந்து வருவதால், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிட முடியாது. துகளை எங்கே கட்டி வைக்கிறோம் என்பது மட்டுமே நம் கையில் உள்ளது.

மூச்சோடு உள்ளே போகும் துகள் எங்கே தங்கும் என்பதையும் அளவுதான் தீர்மானிக்கிறது. 1 நனோமீற்றர் அளவிலானவற்றில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலுமே ஒட்டிவிடும். 20 நனோமீற்றர் அளவிலானவற்றில் ஏறக்குறைய பாதி, நுரையீரலின் கடைசிச் சிற்றறைகள் வரை போய்ப் படியும். அங்கே சளியும் இல்லை, அதை மேலே தள்ளும் மயிர்களும் இல்லை. துப்புரவுக்கு உள்ளவை விழுங்கும் கலங்கள் மட்டுமே. அவை களைத்துப்போனால் அழற்சி தொடங்கும். மிகச் சிறு பங்கு சுவரைக் கடந்து இரத்தத்துக்குள்ளும் போகும்.

தொழிலில் இதன் இடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரயரைக் கறுப்பாக்கி உறுதிதருவது காபன் கறுப்பு. வெள்ளைப் பெயின்ற்றின் வெண்மை தைத்தேனியம் ஈரொட்சைட்டு. அதை இன்னும் பொடியாக்கினால் நிறமற்றுப்போய் சன் கிறீமுக்குள் வெயிலைத் தடுக்கும். தீக்காயத்துக்கு வைக்கும் சில கட்டுத்துணிகளில் நனோ வெள்ளி. லிதியம் பற்றரிகளில் காபன் நனோக்குழாய்கள். புல்மோட்டைக் கடற்கரை மணலிலுள்ள இல்மனைட்டில்தான் தைத்தேனியம் இருக்கிறது. ஹோமாகமையில், 2008இல் தொடங்கிய இலங்கை நனோ தொழினுட்ப நிறுவனம் ஆராய்ச்சி செய்கிறது. இவையெல்லாம் ஓரளவு கட்டுப்பாடுள்ள இடங்கள். நமது தலைவலி சின்னப் பட்டறைகளில்.

படகுக் கொட்டிலும் எயரோசில் பையும்

பைபர் படகு கட்டுபவர்கள், திருத்துபவர்கள் எல்லோருக்கும் எயரோசில் தெரியும். ரெசின் நிலைக்குத்தான பக்கத்தில் வழியாமல் நிற்கவும், மூலைகளில் வைக்கும் பசையைத் தடிப்பாக்கவும் போடும் வெள்ளைப் பொடி அது. சிலிக்கன் சேர்மத்தைச் சுவாலையில் எரித்து எடுக்கும் சிலிக்கா. அடிப்படைத் துகள் 7 முதல் 40 நனோமீற்றர் வரை. அவை ஒன்றோடொன்று உருகி ஒட்டிச் சங்கிலிகளாகவும் கட்டிகளாகவும் இருக்கும். ‘எயரோசில் 200’ என்ற பெயரிலுள்ள 200, 1 கிராமின் மேற்பரப்பு எத்தனை சதுர மீற்றர் என்பதைச் சொல்கிறது. அதாவது 1 கிராம் பொடிக்குள் முக்கால் பரப்புக் காணிக்கு மேல் மடித்து வைத்திருக்கிறது.

பொடி மிக இலேசானது. 1 லீற்றர் பொடி 50 கிராம் அளவில்தான் நிறுக்கும். 20 கிலோ ரெசினுக்கு 2 வீதம் போடுவதென்றால் 400 கிராம், அதாவது 8 லீற்றர். ஒரு வாளி நிறையப் பொடியை வாளிக்குள் கொட்டுகிறோம் என்றால், அதே கொள்ளளவு காற்று வாளியிலிருந்து வெளியே வரும். வரும்போது பொடியையும் தூக்கிக்கொண்டு வரும். குனிந்து நிற்பவரின் முகம் அதற்கு நேர் மேலே இருக்கும். பிழை நடக்கும் இடம் இதுதான். ரெசினுக்குள் நனைந்தபின் அந்தப் பொடியால் மூச்சுக்கு ஆபத்தில்லை. நனையுமுன் உள்ள இரண்டு மூன்று நிமிடங்களைக் கவனித்தால் வேலை பெரும்பாலும் முடிந்தது.

வாளியில் ரெசினை முதலில் ஊற்றுங்கள். பொடிப் பையின் வாயை மேலே பிடித்துக் கவிழ்க்காமல், பையை வாளிக்குள் சரித்து, நீண்ட பிடியுள்ள அகப்பையால் ரெசின் மட்டத்துக்குக் கிட்டவே வையுங்கள். மொத்தத்தையும் ஒரே தரத்தில் போடாமல் நாலைந்து பங்காகப் போடுங்கள். ஒவ்வொரு பங்கும் நனையும்வரை கையால் மெதுவாகக் கிண்டி, அதன் பிறகுதான் துளைகருவியில் பூட்டிய கலக்கியை இறக்குங்கள். கலக்கியை முதலே வேகமாகச் சுழற்றினால் வாளி பொடியைப் புகையாகக் கக்கும். நடுவில் ஓட்டை வெட்டிய மூடி ஒன்றைக் கலக்கியின் தண்டில் கோத்து வைப்பது செலவில்லாத நல்ல ஏற்பாடு. வெறும் பையை உதறி மடிக்கும் பழக்கம் வேண்டாம். வாயை உள்ளே சுருட்டி இன்னொரு பைக்குள் போட்டுக் கட்டுங்கள். சோளகம் வீசும் காலத்தில் கடற்கரைக் கொட்டிலுக்குள் காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது என்று பார்த்து, பொடி கலக்கும் இடத்தை காற்று வெளியேறும் பக்கத்தில் வையுங்கள். மற்றவர்கள் நிற்கும் பக்கத்துக்கு மேல்காற்றில் வைத்தால் ஒருவர் கலக்க எல்லோரும் இழுப்பார்கள்.

அளவுக்கு மீறிப் பயப்படவும் தேவையில்லை. எயரோசில் பளிங்குருவற்ற சிலிக்கா. கல் உடைக்கும் இடத்திலும், ஓடு, கிரனைற் வெட்டும் இடத்திலும் வரும் பளிங்குச் சிலிக்காதான் சிலிக்கோசிஸ் என்ற மீளாத நுரையீரல் நோயைத் தருவது. பளிங்குருவற்றது மூச்சுக்குழாயை வறட்டி இருமல் தரும். விலங்குச் சோதனைகளில் அழற்சியைத் தந்து, வெளிப்பாடு நின்றதும் பெரும்பாலும் தணிந்திருக்கிறது. அதே கொட்டிலில் கையை அரிக்கவைக்கும் கண்ணாடி இழை பெரும்பாலும் 10 மைக்ரோமீற்றருக்கு மேல் தடிப்பானது, சிற்றறை வரை போகாது. அரிப்பு இருப்பதால் அதைப் பயங்கரமென்றும், பொடி அரிக்காததால் அதை அப்பாவியென்றும் நினைப்பது தலைகீழ்க் கணக்கு. ரெசினிலிருந்து வரும் ஸ்ரைரீன் ஆவி இன்னொரு விடயம். அதைத் துகள் முகக்கவசம் தடுக்கவே தடுக்காது. கீழே அதற்கு வருகிறோம்.

பொருளின் பெயரைக் கடைக்காரர் ‘பவுடர்’ என்று சொல்லித் தந்தால், பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேளுங்கள். 16 பிரிவுகள் இருக்கும். மூன்றாம் பிரிவில் பொருளில் என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்பது, ஒவ்வொன்றுக்கும் உரிய CAS என்னும் அடையாள இலக்கத்தோடு இருக்கும். 112945-52-5 என்றால் எயரோசில் வகை. 14808-60-7 என்றால் பளிங்குச் சிலிக்கா, அதைக் கண்டால் கவனம் பல மடங்கு வேண்டும். 13463-67-7 தைத்தேனியம் ஈரொட்சைட்டு. 1333-86-4 காபன் கறுப்பு. எட்டாம் பிரிவு எந்த முகக்கவசம் என்று சொல்லும்.

வெல்டிங் புகை: காய்ச்சல் எல்லாம் டெங்கல்ல, எல்லாம் புகையுமல்ல

வெல்டிங் புகை, உலோக ஆவி குளிர்ந்து உறைந்த துகள். அடிப்படைத் துகள்களில் பெரும்பாலானவை 100 நனோமீற்றருக்குக் கீழே. காற்றிலேயே ஒட்டிச் சங்கிலியாகும். எவரும் திட்டமிட்டுச் செய்யாத நனோத்துகள் இது. புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகவரகம் 2017இல் வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியான முதலாம் குழுவில் வைத்தது. டீசல் புகையை 2012இலேயே வைத்துவிட்டது. கவனியுங்கள், தைத்தேனியம் ஈரொட்சைட்டும் காபன் கறுப்பும், ‘இருக்கலாம்’ என்னும் 2பீ குழுவில்தான் இருக்கின்றன. பையில் வாங்கும் நனோவைவிடப் பட்டறையில் நாமே உண்டாக்கும் நனோவுக்கு எதிரான சான்று வலுவானது.

கேற், கிறில், பந்தல் சட்டம் என்று ஜீ.ஐ. பைப் வேலை நம் ஊரில் ஏராளம். பைப்பின் மேல் பூசியுள்ள நாகம் (சிங்க்) 907 பாகை செல்சியசில் கொதிக்கும். இரும்பு உருக 1500 பாகை அளவில் வேண்டும். எனவே ஒட்டு விழுமுன்னரே நாகம் ஆவியாகி, வெள்ளைப் புகையாகவும் பஞ்சு போன்ற இழையாகவும் பறக்கும். அதை அதிகம் இழுத்தவருக்கு 4 முதல் 10 மணித்தியாலம் கழித்து, அதாவது வீட்டுக்குப் போய் இரவுச் சாப்பாட்டு நேரத்தில், வாயில் உலோகச் சுவை, தாகம், நடுக்கம், காய்ச்சல், உடம்பு முறிவு, நெஞ்சில் இறுக்கம் வரும். இது உலோகப்புகைக் காய்ச்சல். பெரும்பாலும் 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் தானாகத் தணியும். தொடர்ந்து வேலை செய்தால் உடல் சில நாள் பழகிக்கொள்ளும். ஞாயிறு லீவு விட்டுத் திங்கள் வேலைக்குப் போனால் மறுபடி அடிக்கும். ‘திங்கட்கிழமைக் காய்ச்சல்’ என்ற பெயரும் அதனால்தான்.

யாழ்ப்பாணத்தில் இதில் ஒரு சிக்கல் உண்டு. மாரியில், கார்த்திகை தொடங்கித் தை வரை, காய்ச்சலும் உடம்பு முறிவும் என்று வந்தால் எல்லோரும் டெங்கைத்தான் நினைப்பார்கள், நினைக்கவும் வேண்டும். அதே மாரியில்தான் வாடைக்கும் மழைக்கும் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒட்டுவார்கள், புகையும் உள்ளேயே நிற்கும். இரண்டையும் பிரிக்க உதவும் குறிப்புகள் உண்டு. உலோகப்புகைக் காய்ச்சலில் வெண்குருதிக்கல எண்ணிக்கை கூடும். டெங்கில் வழக்கமாகக் குறையும், பின்னர் குருதிச் சிறுதட்டுகளும் இறங்கும். உலோகப்புகைக் காய்ச்சல் இரண்டாம் நாள் விட்டுவிடும். டெங்கில் காய்ச்சல் விடும் வேளைதான் ஆபத்தான வேளை. ஆகவே “நேற்று பைப் ஒட்டினேன், அதுதான்” என்று வீட்டில் படுத்திருக்க வேண்டாம். இரத்தப் பரிசோதனையைச் செய்யுங்கள். டெங்கு இல்லை என்று தெரியும்வரை பரசிற்றமோல் தவிர வேறு வலிமாத்திரை எடுக்க வேண்டாம். வைத்தியரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியவை: என்ன உலோகம், மூடிய இடமா திறந்த இடமா, எத்தனை மணிக்கு ஒட்டினீர்கள், எத்தனை மணிக்குக் குளிர் தொடங்கியது. பால் குடித்தால் புகை கழுவுப்பட்டுப் போகும் என்பதும் வாழைப்பழம் நெஞ்சைத் துடைக்கும் என்பதும் நம்பிக்கை மட்டுமே. அவை போகும் வழி வேறு, புகை போன வழி வேறு.

தடுக்கும் வழி எளிது. ஒட்டும் இடத்தின் இரு பக்கமும் 3 முதல் 5 சென்ரிமீற்றர் வரை நாகத்தைக் கிறைண்டரால் எடுத்துவிடுங்கள். அந்தத் தூசு கனமானது, சீக்கிரம் விழும். இருந்தாலும் முகக்கவசத்தோடு எடுங்கள். பைப்பின் உட்புற நாகத்தை எடுக்க முடியாது, எனவே புகை கொஞ்சம் வரத்தான் செய்யும். வேலை முடிந்தபின் எடுத்த இடத்துக்கு நாகப் பெயின்ற்றைத் தூரிகையால் பூசுங்கள்.

மேசை ஃபானை முதுகுக்குப் பின்னால் வைத்து ஒட்டுபவர்களைப் பரவலாகக் காணலாம். அது புகையைத் தள்ளுவதாகத் தெரிந்தாலும், உடம்பு காற்றை மறிப்பதால் நெஞ்சுக்கு முன்னால் ஒரு சுழி உண்டாகி, புகையை முகத்துக்கே இழுக்கும். காற்று பக்கவாட்டில் குறுக்கே போக வேண்டும். உறிஞ்சும் குழாய் பூட்டுவதாக இருந்தால் அதன் வாயை ஒட்டுமிடத்துக்கு மிகக் கிட்டக் கொண்டுவாருங்கள். குழாயின் விட்டத்தளவு தூரம் தள்ளினாலே இழுவை வேகம் பத்தில் ஒன்றாகிவிடும். சுவரில் உயரத்தில் பூட்டிய எக்ஸோஸ்ற் ஃபான், வெல்டிங்காரரின் மூக்கைக் கடந்த பிறகே புகையை எடுக்கும். அதை வைத்துத் திருப்திப்பட வேண்டாம்.

நகைப்பட்டறை: கட்மியம்

‘கேடிஎம்’ என்று சொல்லி விற்ற நகைகளில் பற்றாசில் கலந்தது கட்மியம். தங்கம் உருக 1064 பாகை வேண்டும். கட்மியம் 767 பாகையிலேயே கொதித்து ஆவியாகி, காற்றில் மிக நுண்ணிய கட்மியம் ஒட்சைட்டுத் துகளாகும். இழுக்கும்போது பெரிதாக எரிச்சலும் இருக்காது. சில மணித்தியாலம் கழித்து உலோகப்புகைக் காய்ச்சல் போலவே தொடங்கும். ஆனால் இது விட்டுப்போகும் காய்ச்சலல்ல. ஓரிரு நாளில் நுரையீரலில் நீர் கோத்து உயிரைக்கூட எடுக்கும். தொடர்ந்து சிறிது சிறிதாக உள்ளே போனால் சிறுநீரகத்தில் சேரும், சேர்ந்தது பாதியாகக் குறையப் பத்தாண்டுகளுக்கு மேல் எடுக்கும். பழைய நகையைத் திருத்த எடுக்கும்போது பழைய பற்றாசில் கட்மியம் இருக்கிறதென்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். புதிய வேலைக்குக் கட்மியம் இல்லாத பற்றாசை வாங்குங்கள். ஊதியபின் இருமல், மூச்சிழுப்பு கூடிக்கொண்டே போனால் விடியும்வரை காத்திராமல் போதனா வைத்தியசாலை விபத்துப் பிரிவுக்குப் போங்கள், “கட்மியம்” என்ற சொல்லைச் சொல்லுங்கள்.

ஸ்பிறே

2006 மார்ச்சில் ஜெர்மனியில் ‘மஜிக் நனோ’ என்ற பெயரில் கண்ணாடிக்கும் ஓட்டுக்கும் அடிக்கும் ஸ்பிறே விற்பனைக்கு வந்த சில நாட்களிலேயே நூறு பேரளவில் இருமலும் மூச்சுத்திணறலுமாக நோயுற்றார்கள். சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்தது. சோதித்துப் பார்த்ததில் ரின்னுக்குள் நனோத்துகளே இருக்கவில்லை. கையால் அமுக்கும் பம்புப் போத்தலில் பிரச்சினை தராத வகை மருந்து, அமுக்கவாயு ரின்னில் அடைத்ததும் மிக நுண்ணிய துளியாகி ஆழத்துக்குப் போனதுதான் வினையாகியது. நீரை விலக்கும் படலம் சிற்றறைக்குள் விரிந்தால், சிற்றறையைத் திறந்துவைக்கும் இயற்கையான படலம் கெட்டுப்போகும். இதனால்தான் கார் கோட்டிங்கில் எங்கள் ஆலோசனை ஒரே வரி: துணியில் ஊற்றித் தேயுங்கள், அடிக்காதீர்கள். 30, 50 மில்லிலீற்றர் போத்தலில் வரும் வகை இதற்கென்றே வருவது.

2009இல் வெளியான சீனத்து அறிக்கை ஒன்று இன்னும் கடுமையானது. பொலிஅக்ரிலேற் பெயின்ற் அடிக்கும் பட்டறையொன்றில் 7 பெண் தொழிலாளர்களுக்கு நுரையீரலைச் சுற்றி நீர் கோத்தது, 2 பேர் இறந்தார்கள். நனோத்துகள்கள் அவர்களின் நெஞ்சு நீரில் காணப்பட்டன. துகள்தான் காரணமா, வேறு இரசாயனமா என்று இன்றும் வாதம் உண்டு. வாதமில்லாத பகுதி அந்த அறை: 70 சதுர மீற்றர், யன்னல் இல்லை, காற்று வெளியேற்றும் இயந்திரம் மாதக்கணக்காகப் பழுது, முகத்துக்குப் பருத்தித் துணி, அதுவும் எப்போதாவது. இப்படியான அறைகளைக் காணச் சீனாவுக்குப் போகத் தேவையில்லை.

எவ்வளவு அதிகம் என்பதற்கு அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு சுகாதார நிறுவனம் சொன்ன எல்லைகள் உதவும். தைத்தேனியம் ஈரொட்சைட்டு, சாதாரணப் பொடியென்றால் கன மீற்றருக்கு 2.4 மில்லிகிராம்; நனோப் பொடியென்றால் 0.3 (2011). பொருள் ஒன்றுதான், எல்லை எட்டில் ஒன்று. காபன் நனோக்குழாய்க்கு 1 மைக்ரோகிராம் (2013). 5 மீற்றர் நீள அகலமும் 4 மீற்றர் உயரமும் உள்ள அறையில் 0.1 மில்லிகிராம் மிதந்தாலே அந்த எல்லை வந்துவிடும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நீண்ட நனோக்குழாய்கள் எலியில் அஸ்பெஸ்டஸ் போல நடந்துகொண்டது 2008இலேயே தெரியவந்தது. விழுங்கும் கலம் தன்னைவிட நீண்ட இழையை விழுங்க முடியாமல் தவிப்பதே காரணம். உலர்ந்த நனோக்குழாய்ப் பொடியைச் சின்னப் பட்டறையில் யாரும் தொட வேண்டியதில்லை. பசையில் கலந்து வருவதை வாங்குங்கள்.

முகக்கவசம்

“இவ்வளவு சின்னத் துகளை மாஸ்க் பிடிக்குமோ?” என்று கேட்பார்கள். பிடிக்கும். என்95 சோதனையில் ஊதும் உப்புத் துகளின் நடு அளவே ஏறக்குறைய 75 நனோமீற்றர்தான். மிகச் சிறிய துகள் நேர்கோட்டில் போகாது, அங்குமிங்கும் அலைந்து இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். தோல்வி வடிகட்டியில் இல்லை, விளிம்பில் இருக்கிறது. சத்திரசிகிச்சை முகக்கவசம் கன்னத்தோடு ஒட்டாது. தாடி வைத்தவருக்கு என்95உம் ஒட்டாது. போட்டதும் இரு கையாலும் மூடி ஊதிப் பாருங்கள், மூக்கோரம் காற்றுக் கசிந்தால் கம்பியை மறுபடி அழுத்துங்கள். ஸ்ரைரீன், தின்னர் மணத்துக்குக் கரி அடைத்த கார்ட்ரிஜ் வேண்டும். கரி மட்டும் உள்ளது துகளைப் பிடிக்காது, துகள் வடிகட்டி மட்டும் உள்ளது ஆவியைப் பிடிக்காது. படகுக் கொட்டிலில் இரண்டும் சேர்ந்ததையே வாங்குங்கள். மணம் வரத் தொடங்கினால் கரி முடிந்துவிட்டது.

கொம்பிரசர் குழாயால் உடுப்பையும் தலையையும் ஊதிக்கொண்டு வீட்டுக்குப் போகும் வழக்கத்தை முதலாளிமார் தடைசெய்ய வேண்டும். படிந்த தூசைத் திரும்பவும் மிதக்கவிட அதைவிடச் சிறந்த வழி கிடையாது. ஈரத் துணியால் துடையுங்கள். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின்படி தூசையும் புகையையும் அகற்றும் பொறுப்பு முதலாளியுடையது.

மற்றவை சில வரியில். ரோனர் நிரப்பும் கடைகளில் கொட்டியதை வீட்டு வக்யூமால் இழுத்தால் நுண்தூள் மறுபக்கத்தால் வெளியே வரும். குளிர்நீரில் நனைத்த துணியால் எடுங்கள், சுடுநீரில் ரோனர் இளகி ஒட்டும். சன் கிறீமைக் காயமில்லாத தோலில் பூசலாம், துகள் மேல்தோலின் இறந்த படையைத் தாண்டாது. அதையே ஸ்பிறேயாக முகத்துக்கு அடிக்க வேண்டாம். நனோ வெள்ளித் தண்ணீரை மருந்தென்று குடிப்பவர்களுக்குத் தோல் நீலச்சாம்பலாகும், அது மாறாது. 2021இல் இந்தியாவிலிருந்து வந்த நனோ நைதரசன் திரவத்தைப் பற்றிக் கமக்காரர் இன்னும் கேட்கிறார்கள். கைப்பம்பின் துளி பெரிது, நெஞ்சுக்கு ஆபத்துக் குறைவு. 4 வீத 500 மில்லிலீற்றர் போத்தலில் 20 கிராம் நைதரசன்தான், 50 கிலோ யூரியாவில் 23 கிலோ. எங்களுக்கு அதில் உள்ள கேள்வி சுகாதாரக் கேள்வியல்ல, அவ்வளவு குறைந்த நைதரசன் பயிருக்குப் போதுமா என்பதுதான்.

கழிவை எங்கே போடுவது என்பதில் யாழ்ப்பாணத்துக்கென்று தனிக் கவனம் வேண்டும். நமது நிலத்தடி சுண்ணாம்புக்கல், வெடிப்பும் குகையுமானது. கொட்டிய தண்ணி வடிகட்டப்படாமலே கிணற்றுக்குப் போய்ச் சேரும். தூரிகை கழுவிய அசற்றோனையும் தின்னரையும் வளவில் ஊற்ற வேண்டாம்; மூடிய ரின்னில் தேக்கி, தெளிந்ததை அடுத்த கழுவலுக்கு எடுங்கள். மிஞ்சிய ரெசினுக்கும் தரையில் துடைத்தெடுத்த பொடிக்கும் காட்னர் கலந்து, திறந்த வெளியில் அகன்ற தட்டில் மெல்லிய படையாக இறுகவிடுங்கள். ஆழமான ரின்னில் ஒரேயடியாக இறுகவிட்டால் சூடேறிப் புகைந்து தீப்பிடிக்கும். இறுகிய கட்டிக்குள் துகள் சிறைப்பட்டுவிடும். அதை எரிக்காமல், பிரதேச சபை எடுக்கும் குப்பையோடு கொடுங்கள்.